பத்திரிகைக்காரர்களின் ‘காப்பி’ நகல் இல்லை

பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் பத்திரிகையாளர்களின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கிற தமிழ் வாசகர்கள் பலர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு நிருபர் எங்கேயோ நடந்த தீ விபத்தை நேரில் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடி வருகிறார், தட்டச்சுப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்து படபடவென்று அடிக்கிறார், முதல் தாள் முடிந்ததும் அதை உருவித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு “காப்பி!” என்று கத்துகிறார். அவர் எதையும் பார்த்து எழுதவில்லை. உலகத்திலேயே முதன்முதலாக அந்தத் தாளில்தான் அந்த வாக்கியங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அப்புறம் ஏன் அதற்குப் பெயர் காப்பி?

நமக்குக் காப்பி என்றால் பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது, இல்லையென்றால் ஜெராக்ஸ் கடையில் எடுப்பது. (குடிக்கிற காபியை இந்தக் கட்டுரையில் விட்டுவிடலாம்.) எப்படிப் பார்த்தாலும் மூலம் ஒன்று வேறு எங்கோ இருக்கிறது, கையில் இருப்பது அதன் நகல். பத்திரிகை ஆங்கிலத்தில் இது அப்படியே தலைகீழ். அங்கே காப்பிதான் மூலம். இது தெரியாததால்தான் ‘காப்பி எடிட்டர்’ என்பதை ‘நகல் ஆசிரியர்’ என்றும், ‘காப்பிரைட்டர்’ என்பதை ‘நகல் எழுத்தாளர்’ என்றும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்புச் செயலிகள் இந்தத் தவறைச் செய்துகொண்டே இருக்கின்றன, அதைப் பார்த்து மனிதர்களும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தைத் திருத்திச் செம்மையாக்குகிற ஒருவரை நகல் எடுப்பவர் என்று அழைப்பது அவர் செய்யும் வேலையையே தவறாகச் சொல்வதாகும்.

இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வழி போதும். எழுதுகிறவர் பக்கம் நின்று பார்க்காதீர்கள், அச்சுக்கோப்பவர் பக்கம் போய் நின்று பாருங்கள்.

வில்லியம் காக்ஸ்டன் 1476இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் தொடங்கினார். அங்கே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குகிறவருக்கு முன்னால் எப்போதும் ஒரு தாள் இருந்தாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர் எழுத்துக் கோக்க முடியும். அந்தத் தாளை ஆசிரியர் சொந்தமாக எழுதினாரா, பழைய ஓலையிலிருந்து எடுத்தாரா, கனவில் கண்டு எழுதினாரா என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத விஷயம். அவரைப் பொறுத்தவரை அது தான் பார்த்துச் செய்ய வேண்டிய பொருள். ஆக, காப்பி என்றால் பார்த்துச் செய்யப்பட்டது மட்டுமல்ல, பார்த்துச் செய்யப்பட வேண்டியதும்தான்.

இது நமக்கு அன்னியமான அர்த்தம்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் பழகக் காப்பி ரைட்டிங் நோட்டு வாங்கினோமே, அதன் பக்கத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். மேலே ஒரு வரி அழகாக அச்சடித்திருக்கும், கீழே நான்கு கோடுகள் போட்ட இடம் காலியாக இருக்கும், மேலே உள்ளதைப் பார்த்துக் குழந்தை எழுத வேண்டும். பழைய ஆங்கிலப் பள்ளிகளில் காப்பி என்ற பெயர் குழந்தை எழுதிய வரிகளுக்கு இல்லை, மேலே இருந்த அந்த மாதிரி வரிக்குத்தான். அந்த நோட்டின் மேல்வரி எதுவோ அதுதான் அச்சுக்கோப்பவருக்கு நிருபரின் தாள்.

லத்தீனில் ‘கோப்பியா’ என்றால் ஏராளம், வளம். எழுதியெடுத்துக்கொள்ள அனுமதி கொடுப்பதைச் சொல்லும் ஒரு லத்தீன் சொற்றொடரில் இந்த வார்த்தை இருந்தது, அதிலிருந்து இடைக்காலத்தில் எழுதியெடுத்த படிக்கே அந்தப் பெயர் வந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. வேர் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

வேரைவிட உபயோகமானது ஒரு சின்ன இலக்கணக் குறிப்பு. ஆங்கிலத்தில் ‘எ காப்பி’, ‘டூ காப்பீஸ்’ என்று எண்ணிக்கையோடு வந்தால் பெரும்பாலும் ஒரு பிரதி, அதாவது அச்சாகி வெளிவந்த ஓர் இதழ் அல்லது புத்தகம். ‘எ’ இல்லாமல், பன்மை இல்லாமல், தண்ணீர் மணல் என்கிற மாதிரி வெறுமனே ‘காப்பி’ என்று வந்தால் அது அச்சுக்குப் போக வேண்டிய எழுத்து. ஒரு பத்திரிகை பத்தாயிரம் காப்பீஸ் விற்கும், அதன் நிருபர் பத்து மணிக்குள் காப்பி கொடுப்பார். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பழைய பத்திரிகை ஆங்கிலத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, அந்தத் தீ விபத்துத் தாளோடு நாமும் கொஞ்ச தூரம் போவோம். 1940கள், 50களில் ஓர் அமெரிக்க நகரத்து நாளிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிருபர் அடிக்கும் தாள் மட்டமான செய்தித்தாள் காகிதம்தான், அளவாக வெட்டிக் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள். அதற்குக் காப்பி பேப்பர் என்றே பெயர். வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டு அடிக்க வேண்டும், ஏனென்றால் அந்த இடைவெளியில்தான் பென்சில் வேலை நடக்கப்போகிறது. மேல் மூலையில் நிருபர் பெயர், செய்தியை அடையாளம் காட்டும் ஒற்றைச் சொல், பக்க எண். செய்தி இன்னும் முடியவில்லை என்றால் அடியில் ‘மோர்’ என்று போடுவார், முடிந்துவிட்டால் ‘30’ என்று போடுவார். இந்த 30 எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள், அதில் தந்திக்காரர்களின் எண் குறியீட்டிலிருந்து வந்தது என்ற கதையைத்தான் பலரும் சொல்வார்கள். நேரம் நெருக்கும்போது முழுச் செய்தியையும் அடித்து முடிக்கும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். ஒரு பத்தி அடித்ததும் தாளை உருவு, கத்து, அடுத்த தாளைச் செருகு. முதல் தாள் அச்சுக்கூடத்தில் ஈயமாக மாறிக்கொண்டிருக்கும்போது நிருபர் நான்காவது தாளில் இருப்பார், முதல் தாளில் என்ன எழுதினோம் என்பதைத் திரும்பிப் பார்க்கக்கூட வழி இருக்காது. அடியில் செருகியிருந்த கார்பன் தாளில் பதிந்த மங்கலான படிதான் அவருக்குத் துணை.

“காப்பி!” என்ற கத்தலுக்கு ஓடி வருகிறவன் காப்பி பாய். சில அலுவலகங்களில் “பாய்!” என்று மட்டும் கத்துவார்கள். நகல் எடுப்பதற்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. காப்பியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை ஓடுகிறவன், அவ்வளவுதான். நடுவில் சாண்ட்விச் வாங்கி வருவதும், பென்சில் சீவி வைப்பதும், பசைக் குப்பியை நிரப்புவதும்கூட அவன் தலையில்தான். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, காப்பி கேர்ள் என்று பெண்களும் இந்த வேலைக்கு வந்தார்கள். சம்பளம் சொற்பம், ஆனால் ஒரு செய்தி எப்படிப் பிறக்கிறது, யார் கையில் எப்படி மாறுகிறது என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கலாம். அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டு வந்த நிருபர்கள் இருவரில் ஒருவரான கார்ல் பெர்ன்ஸ்டீன் 16 வயதில் வாஷிங்டனில் ஒரு நாளிதழின் காப்பி பாயாகத்தான் நுழைந்தார். பின்னாளில் பெயர்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் கே டலீஸ் 1953இல் நியூயார்க் டைம்ஸுக்குள் நுழைந்ததும் இதே வேலைக்குத்தான். ‘நகல் பையன்’ என்று மொழிபெயர்த்தால் இந்த வாழ்க்கை முழுவதும் கைநழுவிப் போய்விடும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்தத் தாள் அடுத்து காப்பி டெஸ்க்குக்குப் போகிறது. குதிரை லாடம் போல வளைந்த ஒரு பெரிய மேசை. லாடத்தின் உள்பக்கம் நடுவில் தலைமை ஆள் உட்கார்ந்திருப்பார், அந்த இடத்துக்கு ‘ஸ்லாட்’ என்று பெயர். வெளிவிளிம்பைச் சுற்றி காப்பி எடிட்டர்கள், அவர்கள் இடம் ‘ரிம்’. ஸ்லாட்டில் இருப்பவர் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு விளிம்பில் யார் கை சும்மா இருக்கிறதோ அவரிடம் தள்ளுவார். அவர் தடித்த பென்சிலால் எழுத்துப்பிழை, தேதிப்பிழை, தெருப்பெயர், வளவளப்பு எல்லாவற்றையும் சரிசெய்வார். பத்தியை இடம் மாற்ற வேண்டுமா, கத்தரிக்கோலால் வெட்டுவார், பசை தடவி வேறிடத்தில் ஒட்டுவார். தனித்தனித் தாள்களை நீளமாக ஒட்டி முழம் கணக்கில் தொங்கவிடுவதும் உண்டு. தலைப்பும் அவர்தான் போட வேண்டும், அதுவும் பக்கத்தில் அந்தச் செய்திக்கு ஒதுக்கிய அகலத்துக்குள் அடங்குகிற மாதிரி. பிழை குறைவாக இருந்தால் அது ‘கிளீன் காப்பி’. பென்சில் கோடுகளாலேயே தாள் கறுத்துப் போயிருந்தால் ‘டர்ட்டி காப்பி’. இந்த இரண்டு பேச்சும் சென்னையிலும் டெல்லியிலும் உள்ள ஆங்கில நாளிதழ் அலுவலகங்களில் இன்றும் கேட்கும். ஒரு நிருபரைப் பற்றி ‘அவர் காப்பி கிளீனாக இருக்கும்’ என்று டெஸ்க்கில் சொன்னால் அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு வேண்டியதில்லை. வேண்டாத காப்பியை மேசைமேல் நட்டுவைத்த கூரான இரும்புக் கம்பியில் குத்திவிடுவார்கள், அந்தக் கம்பி ‘ஸ்பைக்’. வெளிவராமல் போன செய்தியை ‘ஸ்பைக் ஆகிவிட்டது’ என்று சொல்வது அங்கிருந்துதான் வந்தது.

திருத்தி முடித்த காப்பி, பல அலுவலகங்களில், காற்றழுத்தத்தால் இழுக்கும் குழாய் வழியே விஷ்ஷென்று அச்சுக்கோக்கும் கூடத்துக்குப் போகும். அங்கே காப்பி கட்டர் என்று ஒருவர். இவரும் நகலை வெட்டுகிறவர் இல்லை. ஒரு நீளமான செய்தி முழுவதையும் ஒரே ஆள் கோத்தால் நேரமாகும் என்பதால் தாளைத் துண்டு துண்டாக வெட்டி, எண் போட்டு, பல லைனோடைப் இயந்திரக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். லைனோடைப் 1886இல் நியூயார்க் டிரிப்யூனில் முதன்முதலாக வேலைக்கு வந்த இயந்திரம். விசைப்பலகையில் அடித்தால் ஒரு முழு வரியே உருகிய ஈயத்தில் வார்ந்து வெளியே வரும். இயக்குபவரின் கண்ணுக்கு நேரே காப்பியைச் செருகி வைக்க ஒரு தாங்கி இருக்கும்.

இந்தக் கூடத்தில் ஒரு பழமொழி வழங்கியது. ‘ஜன்னல் வழியாகப் பறந்து போனாலும் காப்பியின் பின்னாலேயே போ.’ தாளில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே கோக்க வேண்டும், உன் புத்திசாலித்தனத்தைக் காட்டாதே என்று புதிதாக வருகிற பையன்களுக்குச் சொன்ன பாடம் அது. பார்ப்பதற்குத் தவறு போலத் தெரிந்தாலும் வேண்டுமென்றே அப்படி எழுதியிருந்தால், ஓரத்தில் ‘ஃபாலோ காப்பி’ என்று எழுதி வைப்பார்கள், உள்ளதை உள்ளபடி கோக்கவும் என்று அர்த்தம். காப்பி என்ற சொல்லின் அதிகாரம் எவ்வளவு என்பதை இந்த இரண்டு வார்த்தைகளில் பார்க்கலாம். நகலுக்கு யாராவது இப்படிக் கீழ்ப்படிவார்களா?

கோத்து முடித்ததும் மெய்ப்பு எடுப்பார்கள், அதாவது புரூஃப். இங்கே காப்பி ஹோல்டர் என்று ஓர் ஆள் வருகிறார். மெய்ப்புத் திருத்துபவர் புரூஃபைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்து மூலத் தாளைக் கையில் பிடித்துச் சத்தமாகப் படிப்பார். சொற்களை மட்டுமல்ல, காற்புள்ளி, பெரிய எழுத்து, பத்தி மாற்றம் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முழுச்சொல் சொன்னால் நேரமாகும் என்பதால் எல்லாவற்றுக்கும் குட்டிப் பெயர் வைத்திருந்தார்கள், ஆச்சரியக்குறி அச்சகத்துப் பேச்சில் ‘பேங்’. ஒருவர் ராகம் போட்ட மாதிரி படிக்கப் படிக்க இன்னொருவர் பேனா ஓடிக்கொண்டே இருக்கும். தட்டச்சு செய்பவர் மேசையில் தாளைச் சாய்த்து வைக்கும் தாங்கிக்கும் காப்பி ஹோல்டர் என்றுதான் பெயர். ஆள் எது, தாங்கி எது என்பதை இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியில் சுழல் இயந்திரம் ஓடி, மடித்த நாளிதழ் கட்டுக்கட்டாக வெளியே விழுகிறது. ஒவ்வொன்றும் ஒரு காப்பி. காப்பியாக உள்ளே போனது காப்பிகளாக வெளியே வந்துவிட்டது. ஒரே கட்டடத்துக்குள், சில மணி நேர இடைவெளியில், ஒரே சொல் மூலத்துக்கும் நகலுக்கும் பெயராக இருந்திருக்கிறது, அங்கே வேலை பார்த்தவர்கள் யாரும் அதில் குழம்பியதே இல்லை.

பிரிட்டனில் கொஞ்சம் வேறு சொற்கள். அமெரிக்காவின் காப்பி எடிட்டர் செய்யும் வேலையைப் பெரும்பாலும் அங்கே சப்-எடிட்டர்தான் செய்கிறார், நமக்கும் அந்தப் பெயர்தான் முதலில் வந்தது. அங்கே காப்பி டேஸ்டர் என்றும் ஒருவர் உண்டு. செய்தி நிறுவனங்களிலிருந்தும் வெளியூர் நிருபர்களிடமிருந்தும் வந்து குவிவதை எல்லாம் ருசி பார்க்கிற மாதிரி வேகமாகப் படித்து, எது தேறும், எது கம்பிக்குப் போகும் என்று பிரிப்பவர். அப்புறம் காப்பி டேக்கர். வெளியூரிலிருந்து நிருபர் தொலைபேசியில் செய்தியைச் சொல்லச் சொல்ல, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்பவர். பெரும்பாலும் மின்னல் வேக விரல்கள். நிருபர் மழையில் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று, புள்ளி, காற்புள்ளி, ஒவ்வொரு பெயரின் எழுத்துக்கூட்டல் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கும்போது மறுமுனையிலிருந்து “இன்னும் நிறைய இருக்கா?” என்று ஒரு கேள்வி வருமாம். பிரிட்டிஷ் பத்திரிகையாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் கதை இது. அந்தக் கேள்வி வந்தால் செய்தி இழுக்கிறது என்று அர்த்தம், நிருபரின் முதல் விமர்சகர் காப்பி டேக்கர்தான். முன்னே பார்த்த கார்பன் படிகளுக்கு அங்கே ‘பிளாக்ஸ்’ என்று பெயர். பாருங்கள், உண்மையிலேயே நகலாக இருக்கிற பொருளுக்குக் காப்பி என்ற பெயரை விடுத்து வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு சொல் இவ்வளவு புழங்கினால் உவமையாகவும் கிளை விடும். ஒரு அரசியல்வாதியையோ நடிகரையோ பற்றி ‘குட் காப்பி’ என்று எழுதியிருந்தால், அவரைப் பற்றி எழுதினால் பத்திரிகை சுவையாக இருக்கும், அவர் வாயைத் திறந்தால் செய்தி என்று பொருள். நல்லவர் என்றோ, யாரையோ பார்த்து நடிப்பவர் என்றோ பொருள் இல்லை. விளம்பரத் துறையிலும் படம் ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம், அந்த எழுத்துதான் காப்பி, அதை எழுதுபவர் காப்பிரைட்டர். தமிழில் விளம்பர எழுத்தாளர் என்றாலே போதும், அழகாகவும் இருக்கிறது. போட்டிப் பொருளை மட்டம் தட்டி எழுதும் விளம்பரத்துக்கு பிரிட்டனில் ‘நாக்கிங் காப்பி’ என்று தனிப் பெயரே இருக்கிறது.

வினைச்சொல்லாக வரும்போது தந்தி அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மோர்ஸ் ஒலியைக் காதால் கேட்டு அதைச் சொற்களாக எழுதியெடுப்பதைத் தந்திக்காரர்கள் ‘காப்பி’ செய்வது என்பார்கள். 1846இல் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ் போன்ற செய்தி நிறுவனங்களின் செய்தி இப்படித்தான் நாளிதழ்களுக்கு வந்துகொண்டிருந்தது, அதுதான் ‘ஒயர் காப்பி’. திரைப்படங்களில் விமானியும் போலீஸும் வானொலியில் ‘டூ யூ காப்பி?’ என்று கேட்பதும் இதே வழக்கம்தான். நான் சொன்னது காதில் விழுந்ததா, புரிந்ததா என்பதுதான் கேள்வி. தமிழ் வசன வரிகளில் இது ‘நகலெடுக்கிறாயா’ என்று வந்தால் கதையே கெட்டுப்போகும்.

காப்பிரைட் என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். லண்டன் அச்சக வணிகர்களின் சங்கத்துக்கு 1557இல் அரச சாசனம் கிடைத்தது. அதன் பதிவேட்டில் ஒரு வணிகர் ஒரு நூலைத் தன் பெயரில் பதிந்துவிட்டால் அந்தக் காப்பி அவருடையது, அதாவது அந்த மூலத்தை வைத்து அச்சடிக்கும் உரிமை அவருடையது. 1710இல் நடைமுறைக்கு வந்த, ராணி ஆன் காலத்துச் சட்டத்தின் நீண்ட பெயரிலேயே, அச்சிட்ட நூல்களின் ‘காப்பீஸ்’ ஆசிரியர்களுக்கோ அவற்றை வாங்கியவர்களுக்கோ உரியவை என்று வரும். கடையில் வாங்கும் பிரதியைப் பற்றி இல்லை, பதிப்பிக்கும் உரிமையைப் பற்றித்தான் பேச்சு. புது நூலுக்கு 14 ஆண்டு, ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14 ஆண்டு. (நான் முன்னே சொன்ன எண்ணிக்கைக் குறிப்பு தவறிப்போகும் இடங்களில் இது ஒன்று, பன்மையில் வந்தும் பொருள் மூலம்தான்.) இதைத் தமிழில் பதிப்புரிமை என்று ஆக்கியவர் யாராக இருந்தாலும் விஷயம் தெரிந்தவர். காப்பு என்ற ஒலியைப் பிடித்துக்கொண்டு பலரும் காப்புரிமை என்று எழுதுகிறார்கள், அது பேட்டன்டுக்கு நாம் வைத்திருக்கும் சொல்.

சொல்லப்போனால் தமிழிலும் இதே மாதிரி இரண்டு பக்கமும் பார்க்கும் சொல் ஒன்று இருக்கிறது. பிரதி. ‘மூன்று பிரதி எடுத்து வா’ என்றால் நகல். ‘கையெழுத்துப் பிரதியை அச்சகத்தில் கொடுத்துவிட்டேன்’ என்றால் மூலம். இலக்கிய விமர்சகர்கள் ‘இந்தப் பிரதி என்ன சொல்கிறது’ என்று எழுதும்போது அது நூலின் பாடத்தையே குறிக்கிறது. ஓலைச்சுவடிக் காலத்திலிருந்தே ஒவ்வொரு ஏடும் முந்தைய ஏட்டுக்கு நகலாகவும் அடுத்த ஏட்டுக்கு மூலமாகவும் இருந்து வந்ததுதானே. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிப்பதற்கு முன் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் முடிவு செய்தார், அப்படி முடிவு செய்து அச்சகத்துக்குப் போன தாள்கள்தான் காக்ஸ்டன் பாஷையில் காப்பி. தமிழ் இதழ் அலுவலகங்களில் இதற்குப் புழங்கும் சொல் ‘மேட்டர்’. “மேட்டர் வந்தாச்சா, எத்தனை பக்கம்?” என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு ‘காப்பி’ என்ன என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, பழைய பத்திரிகை ஆங்கிலத்தைத் தமிழாக்குகிறவர்களுக்கு ஒரு பயிற்சி. ‘அவருடைய காப்பியைக் காப்பி பாய் காப்பி டெஸ்க்கில் சேர்த்தான், மறுநாள் காலை அவர் முனைக்கடையில் ஒரு காப்பி வாங்கினார், அவர் காப்பியில் பாதி அதில் இல்லை’ என்று ஒரு வாக்கியம் வந்தால் நான் இப்படித்தான் எழுதுவேன்: அவர் எழுதிய செய்தியைப் பையன் கொண்டுபோய் உதவி ஆசிரியர்களின் மேசையில் சேர்த்தான், மறுநாள் காலை முனைக்கடையில் பேப்பர் ஒன்று வாங்கிப் பிரித்துப் பார்த்தார், அவர் எழுதியதில் பாதியைக் காணோம்.